காகிதம் யாரிடம் இருக்கிறது?

ஒரகடத்திலிருந்து வல்லம், வடகால் வரை கம்பெனி கேட்டுகளில் நிற்கும் செக்யூரிட்டிகளில் யார் பழைய பட்டாளத்துக்காரர் என்று கண்டுபிடிப்பது எளிது. கண்டெய்னர் லாரி டிரைவர் நீட்டும் சீட்டை அவர் மேலிருந்து கீழ் வரை படித்த பிறகுதான் கம்பியைத் தூக்குவார். இரவு ஷிஃப்ட் முடிகிற நேரத்திலும் தோள் தொங்காது. பெரும்பாலும் பதினைந்து, பதினேழு ஆண்டு முடித்து வந்தவர்கள். பென்ஷன் வருகிறது, கேன்டீன் கார்டு இருக்கிறது, ஈ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டை இருக்கிறது. கேட்டில் வாங்கும் சம்பளம் மகளின் கல்லூரிக்கோ வீட்டுக் கடனுக்கோ போகிறது.

இந்தக் குறிப்புகளை எழுதத் தூண்டியவர்கள் வேறு ஆட்கள். உடம்பு கெட்டதால் பாதியில் அனுப்பப்பட்டவர்கள். கேட்டில் நிற்கக்கூட உடம்பு இடம் கொடுக்காதவர்கள். சிப்காட் வந்து இந்தப் பக்கத்து ஊர்களில் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. நிலமே இல்லாதவருக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை.

*

மணிமங்கலம் பக்கம் ஒரு பெரியவர். 1966இல் சேர்ந்து 1974இல் 'போர்டு அவுட்' ஆனவர். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார். போர் முடிந்த மறு வருடம் முதல் முறையாக வலிப்பு வந்தது. அடுத்து இரண்டு, மூன்று என்று வர, மெடிக்கல் போர்டு உட்கார்ந்து, இந்த நோய்க்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"போர்டுல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. வீட்டுல யாருக்காச்சும் இது இருந்துச்சான்னு. எனக்கு அப்ப இந்தி அரைகொறை. தலையாட்டுனேனா, இல்லன்னு சொன்னேனா, இன்னிக்கும் தெரியல."

கையில் கொஞ்சம் பணிக்கொடை கொடுத்தார்கள். அதோடு சரி. ஊருக்கு வந்து கூலி வேலைக்குப் போனார். வலிப்புக்காரனுக்குக் கிணற்று வேலை கிடையாது, மரம் ஏற விடமாட்டார்கள், செங்கல் சூளை முதலாளியும் பயப்படுவார். ஒருமுறை அடுப்புப் பக்கம் விழுந்து இடது முழங்கை வெந்துபோன தழும்பு இருக்கிறது. ஐம்பது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுப்பது அவர் மனைவிதான். மாத்திரை தீர்ந்து போன நாட்கள் எவையெவை என்று அந்த அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

*

அவருடைய மகன் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல்களை இழந்தவர். காண்ட்ராக்ட் தொழிலாளிதான், ஆனால் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எந்த விரல் போனால் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே வைத்திருந்தார்கள். ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம். கட்டைவிரல் மட்டும் என்றால் 30. ஒரு கையே போனால் 60. சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து அதில் இந்த விகிதத்தைக் கணக்கிட்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 15,000 என்றால் இரண்டு விரலுக்குச் சுமார் 2,700 ரூபாய். வேறு வேலைக்குப் போனாலும் அது நிற்காது.

விரலுக்கு விலை போடுவது கொடுமைதான். அந்தப் பணத்தால் விரல் முளைக்காது. காவலில்லாத பிரஸ் மெஷினை ஓடவிட்டவர்களுக்கு அது தண்டனையும் ஆகாது. ஆனால் அந்த மகனுக்கு அந்தத் தொகை கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1966இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி 51ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை நேரத்தில் நடந்த விபத்து, வேறு சாட்சியம் இல்லாத வரை, வேலையால் நடந்த விபத்து என்றே கொள்ளப்படும். நிரூபிக்கிற சுமை விரல் இழந்தவன் தலையில் இல்லை.

அதே 1966இல்தான் அப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். வடக்கே எங்கேயோ டென்ட்டில் விழுந்து நுரை தள்ளியவருக்கு அப்படி ஒரு வரி உதவிக்கு வரவில்லை.

*

பட்டாளத்துப் பென்ஷன் கணக்கு, வெளியே இருப்பவர்கள் அறியாதது. ஜவானுக்குப் பணி ஓய்வூதியம் வேண்டும் என்றால் 15 ஆண்டு. உடல்நிலை காரணமாக வெளியேற்றப்பட்டால் இன்வாலிட் பென்ஷன், அதற்கு 10 ஆண்டு. ஊன ஓய்வூதியத்துக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. ஆனால் ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். குண்டடி, கண்ணிவெடி என்றால் பிரச்சினை குறைவு. காயம் கண்ணுக்குத் தெரிகிறது. எதிரியின் தாக்குதலில் முழு ஊனமாகி வெளியேறியவருக்குப் போர்க்காயப் பங்காகக் கடைசிச் சம்பளம் முழுவதும் உண்டு. வலிப்பு, மனநோய், இதயக் கோளாறு, காது மந்தம் இவற்றில்தான் வழக்கு. "தொடர்பும் இல்லை, மோசமாகவும் இல்லை" என்ற ஆங்கிலத் தொடரை நான்கெழுத்தாகச் சுருக்கி 'நானா' என்கிறார்கள். 'நானா கேஸ்' ஆனவர் எட்டு வருடம் உழைத்திருந்தால் மூன்று கதவும் மூடிவிடும்.

2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு நல்ல ஆணை போட்டது. பத்தாண்டு முடியாவிட்டாலும் இன்வாலிட் பென்ஷன் உண்டு. ஆனால் 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் இருந்திருக்க வேண்டும். 1974இல் வந்தவருக்கு அது செய்தித்தாளில் படிப்பதற்கு மட்டும். ஒரே நோய், ஒரே சீருடை, எதற்காக ஒரு தேதி நடுவில் வந்து நிற்கிறது? கஜானாக் கணக்கு என்பார்கள். அப்படி எட்டாண்டு, ஒன்பதாண்டில் வெளியேறி இன்னும் உயிரோடு இருப்பவர்கள் இந்தத் தேசத்தைத் திவாலாக்கும் எண்ணிக்கையில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

*

தரம்வீர் சிங் வழக்கு. 2013 ஜூலை 2, உச்ச நீதிமன்றம். அவரும் வலிப்பு நோய்க்காரர். 1985இல் சேர்ந்து 1994இல் வெளியேற்றப்பட்டவர், ஒன்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறையவோ கூடவோ. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: சேரும்போது உடம்பில் நோய் என்று குறிப்பு எழுதப்படவில்லை என்றால் அவர் நலமாக இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியால் வந்ததே என்ற அனுமானம் அவர் பக்கம். தொடர்பில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டியது ராணுவம். சந்தேகம் வந்தால் பலன் வீரனுக்கு. போர்டு காரணம் எழுதாமல் தொடர்பில்லை என்று மட்டும் போட்டால் செல்லாது.

தொழிலாளிக்கு 1966இல் எழுத்தில் கொடுத்ததை வீரனுக்கு நீதிமன்றம் உரக்கச் சொல்ல 2013 ஆகியிருக்கிறது. விதிகளில் முன்பே இருந்ததுதான். இருந்ததை யாரும் மதிக்கவில்லை.

சொன்ன பிறகும் நிற்கவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயங்கள் வீரர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, அமைச்சகம் மேல்முறையீடு போட, அப்படி வந்த ஏறத்தாழ 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று ஒரே தீர்ப்பில் தள்ளுபடி செய்தது. ஊன ஓய்வூதியம் கருணையால் கொடுப்பது அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 300 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வக்கீல், ஒரு ரயில் டிக்கெட், ஒரு கடன்.

சென்னையிலும் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. மணிமங்கலத்துப் பெரியவர் அங்கே போகலாம். வென்றாலும் பின்தேதி நிலுவை பெரும்பாலும் மனுப்போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். 2008 தர்செம் சிங் தீர்ப்பு அப்படி. ஐம்பது ஆண்டில் நாற்பத்தேழு போய்விடும். அது போகட்டும், மிச்சமாவது வரட்டும் என்றுதான் நான் சொன்னேன். அவர் கேட்டது வேறு. "கோர்ட்டுல என்னத்த காட்டுவேன்?"

*

2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கத்தையும் அடையாற்றையும் நகரம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆதனூர், மணிமங்கலம், வரதராஜபுரம் பக்கம் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை அந்தந்த ஊர்க்காரர்கள்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பெரியவர் வீட்டு ட்ரங்குப் பெட்டி முழுகியது. டிஸ்சார்ஜ் புக் அதற்குள் இருந்தது. வெயிலில் காயப்போட்டார்கள். மை கரைந்து எழுத்தே இல்லாத நீல அட்டை மிஞ்சியது.

அவரிடம் இருந்த பிரதி தண்ணீரில் போயிற்று. ராணுவத்திடம் இருந்த பிரதி?

இந்தக் குறிப்புகளில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். ஒவ்வொரு ரெஜிமென்டுக்கும் ஒரு ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரில். ஒருவரின் பணிச்சீட்டு, மெடிக்கல் போர்டு நடவடிக்கை எல்லாம் அங்கே. பென்ஷன் வாங்குபவரின் ஆவணங்களை 50 ஆண்டு வைத்திருப்பார்கள். பென்ஷன் இல்லாதவரின் ஆவணங்களை 25 ஆண்டோடு அழித்துவிடலாம் என்பது விதி. பென்ஷன் மறுக்கப்பட்டவருக்குத்தான் அந்தக் காகிதம் உயிர். அவருடையதுதான் முதலில் நெருப்புக்குப் போகிறது. வாங்குபவருக்கோ மாதாமாதம் வங்கியில் வரவு இருக்கிறது. காகிதம் இல்லாவிட்டாலும் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை.

1974 கூட்டல் 25, 1999. பெரியவர் நீதிமன்றம் என்ற ஒன்றை நினைத்தே பார்க்காத காலத்தில் அவருடைய வழக்கின் சாட்சியம் அழிந்திருக்கும். பிறகு ஒருநாள் மனு வந்தால், "விதிப்படி அழிக்கப்பட்டது, எனவே கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை" என்று ஒரு கடிதம் வரும். இப்படிப்பட்ட பதில்கள் தீர்ப்பாயத்து வழக்குகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. சாட்சியத்தை வைத்திருந்ததும் ராணுவம், அழித்ததும் ராணுவம், சாட்சியம் இல்லை என்ற குற்றம் மட்டும் ஜவான் மேல். இது ஒரு நாளும் நியாயம் ஆகாது.

*

வறுமை நிவாரணம் என்று ஒன்று இருக்கிறது. மத்திய முன்னாள் படைவீரர் வாரியம் கொடுப்பது. பென்ஷன் இல்லாத, ஹவில்தார் வரையிலான தரத்தில் இருந்த, 65 வயது தாண்டிய முன்னாள் வீரருக்கும் விதவைக்கும். முன்பு மாதம் 1,000. 2017இல் 4,000. 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அதை 8,000 ஆக்க ஒப்புதல் தந்தார். நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு. இரட்டிப்பாக்கியதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அந்த 1,200இல் ஒரு வீடு ஓடிய காலத்தை நினைத்தால் 8,000 பெரிய தொகை. மாத்திரைக்கு மாத்திரை, அரிசிக்கு அரிசி.

ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கொடிநாள் நிதியிலிருந்து. டிசம்பர் 7 அன்று பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கி வாங்குகிறார்களே, அதுவும் சேர்ந்த நிதி. 1949 முதல் நடக்கிற வழக்கம். மக்கள் மனமுவந்து கொடுப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை. போருக்கு அனுப்பியது அரசு. அந்தக் கடன் பட்ஜெட்டில் ஓய்வூதியத் தலைப்பின் கீழ் வர வேண்டியது. உண்டியலுக்குப் போனதால்தான் அது "உதவி" ஆகிறது, வருடா வருடம் உயிரோடு இருக்கிறாரா, இன்னும் ஏழைதானா என்று சரிபார்க்கிறார்கள்.

இங்கே இன்னொன்று. கம்பெனிச் சட்டம் 2013, 135ஆம் பிரிவு. பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்ற ஏழாம் அட்டவணையில் முன்னாள் படைவீரர், போர் விதவை, அவர்களைச் சார்ந்தோர் நலன் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இந்த ஒரு சாலையோரத்தில் எத்தனை கம்பெனி! ஏரி தூர்வாருகிறார்கள், பள்ளிக்குக் கழிப்பறை கட்டுகிறார்கள், நல்லதுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பென்ஷன் இல்லாத பழைய ஜவான்கள் எத்தனை பேர், எந்த ஊர், என்ன நோய் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்த ஒரு கம்பெனியின் ஒரு மாத டீச்செலவு போதும். முதலில் ஆள் யார் என்று தெரிந்தால்தானே காசு போகும்.

*

முர்ளிகாந்த் பேட்கரை நினைத்துக்கொண்டேன். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து கால்கள் செயலிழந்தவர். நீச்சல் கற்று 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கம். பூனாவில் லாரி செய்கிற டெல்கோ அவருக்கு வேலை கொடுத்தது. தர்மப் பணம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார் என்பார்கள். பத்மஸ்ரீ வர 2018 ஆயிற்று. இங்கேயும் லாரி செய்கிறார்கள், கார் செய்கிறார்கள். 1950களிலேயே ராணுவம் எல்லை ரோந்துக்கு வாங்கிய புல்லட் பைக்கின் வம்சம் இன்று ஒரகடத்திலும் வல்லத்திலும் உருவாகிறது. உட்கார்ந்து பார்க்கிற தரப் பரிசோதனை வேலைகள் இந்தக் கம்பெனிகளில் இல்லாமலா போய்விட்டன?

*

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே 1991 மே 21. ராஜீவ் காந்தி நினைவிடத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. 1987 ஜூலை 29 அன்று அவர் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் கடல் கடந்து போன இந்தியப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. காயத்தோடு திரும்பியவர்கள் அதைவிட அதிகம். கடைசிக் கப்பல் 1990 மார்ச்சில் சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைய தமிழகத்தில் அதற்கான காரணங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்த மக்களுக்கும் வரவேற்கிற மனநிலை இல்லை. போரைப் பற்றி என்ன நினைத்தாலும், அனுப்பிய இடத்துக்குப் போன ஜவானின் கால் அரசியல் பேசாது. அந்தப் போரிலிருந்து வந்த தமிழ் ஜவான்கள் சொந்த ஊரில் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. வாய் திறக்காதவர் மனுவும் போடமாட்டார்.

இவர்களில் பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கு இன்னொரு தடை. 1987 ஜூலை முதல் வெளியேறியவர்களுக்கு "முன்னாள் படைவீரர்" என்பதன் இலக்கணமே மாறிவிட்டது. ஓய்வூதியம் பெற்று வந்தவர், மருத்துவக் காரணத்தால் ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்டவர், ஒப்பந்த காலம் முடித்துப் பணிக்கொடையோடு வந்தவர் போன்றோர்தான் அதற்குள் வருவார்கள். 'நானா' ஆகி வெறுங்கையோடு வந்தவர் அந்தப் பெயருக்கே உரியவர் ஆகமாட்டார். நிவாரணம் கேட்கும் வரிசையில் நிற்கவும் அவருக்கு இடமில்லை.

*

இங்கிருந்து மேற்கே, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டும் அதே வயல்களில் சண்டை. இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் இன்றும் நிற்கின்றன. பெய்லியின் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள்; அவர்களுக்குத் தூண் இல்லை. அதற்குப் பத்தாண்டு முன், 1770இல், ராபர்ட் கிளைவ் ஊனமுற்ற படையினருக்கு ஒரு நிதி தொடங்கினார். மூலதனம் வங்காள நவாப் மீர் ஜாஃபர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் ரூபாய். பலன் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படையினருக்கு. அதற்கும் வெகு முன்னால், போரில் செத்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டு அதை நடுகல்லிலேயே வெட்டி வைத்தார்கள் நம் ஊரில். கல்லில் வெட்டிய உத்தரவை இருபத்தைந்து வருடத்தில் யாராலும் எரித்துவிட முடியாது.

*

ஐ.என்.ஏ.யில் இருந்து ரங்கூன் சிறையில் கிடந்த ஒருவர் 1980இல் தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்தார். 2018இல், அவருக்கு 89 வயதானபோது, சென்னை உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. 38 வருடம். அவரிடமும் கேட்கப்பட்டது காகிதம்தான்.

*

அக்னிவீர். 2022 ஜூனில் வந்த திட்டம். நான்கு ஆண்டு, பென்ஷன் கிடையாது. பணியால் ஊனமானால் 100, 75, 50 சதவீதத்துக்கு முறையே 44, 25, 15 லட்சம் ஒரே தடவையாக, மிச்சக் காலத்துச் சம்பளமும், பணி முடிவில் தரும் சேவாநிதியும். மாதப் பென்ஷன் இல்லை. இருபத்தொரு வயதில் படுக்கையில் விழுந்தவனுக்கு அறுபது வருடம் ஓட வேண்டிய பணம் அது. பணியால் வந்த ஊனம்தானா என்று முடிவு செய்யப்போவது அதே போர்டுதான். நான்கு வருடத்துப் பையன் ஆவணத்தை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள்? படப்பையில் மைதானத்தில் விடிகாலை ஓடிப் பழகும் பையன்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவருகிறேன்: சேருங்கள், ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஒவ்வொரு சீட்டையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

*

பெரியவருக்காகச் செய்ய வேண்டியது.

ஒன்று, காஞ்சிபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வறுமை நிவாரண விண்ணப்பம். டிஸ்சார்ஜ் புக் நகலுக்குக் காவல் நிலையத்தில் காணாமல் போன சான்று வாங்க வேண்டும். 1974இல் வெளியேறியவர் என்பதால் 1987 இலக்கணம் அவரைத் தடுக்காது.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர். எல்லாம் அழித்துவிட்டோம் என்று சொல்பவர்கள் லாங் ரோலை அழிக்கமாட்டார்கள். அந்தப் பெரிய பதிவேடு நிரந்தரமாக வைக்க வேண்டியது. அதில் பெயர், எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, காரணம் இருக்கும். அவருக்கு ராணுவ எண் மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து ஏழு இலக்கத்தையும் சொன்னார். மகன் இடது கையால் எழுதிக்கொண்டார்.

மனுவில் நான்கு கேள்விகள். லாங் ரோலில் என் பதிவின் சான்றிட்ட நகல். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் ஏதேனும் நோய் குறிக்கப்பட்டிருந்ததா. மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் நகல். அது அழிக்கப்பட்டிருந்தால், எந்தத் தேதியில், எந்த விதிப்படி, யாருடைய கையெழுத்தில் அழிக்கப்பட்டது என்ற பதிவேட்டுப் பக்கம்.